பெக்கோக்கில் இருந்த இரண்டு பெட்டி

வியாழக்கிழமை காலை பத்தரை மணி இடைவேளைக்குச் சூசன் வெளியே வந்தபோது, பூட்டுப்பெட்டிக்குள் கிடந்த போன் ஏழு முறை அடித்து ஓய்ந்திருந்தது. ஏழும் நீர்கொழும்பிலிருந்து.

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில் அடைக்கும் அந்தத் தொழிற்சாலையில் சூசனுக்குப் பதினாறு வருட வேலை. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கையுறையைக் கழற்றினாலும் விரலில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு போகாது. சட்டையில் துடைத்துக்கொண்டு தங்கை ஐலீனைத் திருப்பி அழைத்தாள்.

"அக்கா, வேலையில இருக்கியா?"

"பிரேக்லா. சொல்லு. ஜேடனுக்கு என்னா?"

"ஜேடன் நல்லாத்தான் இருக்கான். மருந்துதான் இல்ல. எண்ணிப் பாத்தேன், இன்னையோட சேத்து ஒம்பது நாளைக்கு வருது. ஆஸ்பத்திரியில ஸ்டாக் முடிஞ்சிருச்சுன்னுட்டாங்க. கொழும்புலயும் இல்லையாம். எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியல."

"நிறுத்தினா என்னாவும்?"

"திடீர்னு நிறுத்தவே கூடாதாம். முன்ன வந்ததவிட மோசமா வருமாம். டாக்டர் தாள்ல எழுதிக் குடுத்திருக்காரு, அனுப்பறேன். அங்க கெடைக்குமா பாரேன் அக்கா."

ஐலீன் அழவில்லை. அழுதிருந்தால் சூசனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சின்னதிலிருந்தே அவள் பயம் கூடக்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறவள்.

அது இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருடம் ஜூலை மாதம். இலங்கையில் பெட்ரோல் இல்லை, சமையல் வாயு இல்லை, பால் மாவு இல்லை என்று தினமும் செய்தியில் காட்டினார்கள். ஐலீன் அங்கே போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த நீர்கொழும்புக்காரன் கிளமென்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டு, அவன் பர்மிட் முடிந்ததும் கூடவே போய்விட்டாள். பிள்ளை ஜேடனுக்கு மூன்று வயது. எட்டாவது மாதத்தில் வலிப்பு வந்தது. நாலைந்து மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்காமல், கடைசியில் இந்த ஒரு மாத்திரைக்குத்தான் அடங்கியது. அடங்கிய பிறகுதான் பிள்ளை உட்கார்ந்தான், நடந்தான், "பெரிம்மா" என்று போனில் கூப்பிடப் பழகினான்.

அன்று வேலை முடிந்ததும் சூசன் பக்கத்து ஊர் மாசாயில் மூன்று மருந்துக் கடை ஏறி இறங்கினாள். மறுநாள் ஜோகூர் பாருவில் இரண்டு கடை. டாக்டரின் தாளைப் போனில் காட்டினால் எல்லாரும் ஒரே மாதிரித் தலையாட்டினார்கள். கடைசிக் கடையில் இருந்த மலாய்ப் பெண் மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். இந்த மருந்து வெளியில் விற்பதில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியின் பெயருக்குத்தான் கொடுப்பார்கள், தனியாக வரவழைத்தால் ஆறு வாரம் ஆகும் என்றாள்.

"எனக்கு ஆறு வாரம் இல்ல" என்று சூசன் மலாயில் சொன்னாள்.

"தெரியுது கக்" என்று அக்கா முறை வைத்து மலாயில் அழைத்தாள் அந்தப் பெண். "இந்த நோய் இருக்கற பிள்ளைங்களோட அம்மா அப்பாங்க ஒரு குழு வெச்சிருப்பாங்க. அதுல கேட்டுப் பாருங்க. யார்கிட்ட கெடைச்சாலும் பெட்டியப் படம் எடுத்து அங்க இருக்கற டாக்டர்கிட்ட காட்டாம பிள்ளைக்குக் குடுக்காதீங்க. பெட்டிய மாத்தாதீங்க. டாக்டர் கடிதத்தக் கூடவே வையுங்க."

அந்தப் பெண் ஒரு துண்டுத்தாளில் மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். சூசனுக்கு அது வாயில் நுழையவில்லை. ஆனால் அடுத்த நாலு நாளில் எழுத்து தப்பாமல் எழுதப் பழகிவிட்டாள். வாட்ஸ்அப்பில் தேவாலயத் தமிழ்க் குழு, தொழிற்சாலைக் குழு, அடுக்குமாடிக் குழு என்று எல்லாவற்றிலும் போட்டாள்.

அதோடு நவநாளும் தொடங்கியிருந்தாள். ஒன்பது நாளுக்கு மாத்திரை, ஒன்பது நாள் ஜெபம். வியாழனே தொடங்கியாயிற்று. காலை ஐந்தரைக்கு, ஷிப்ட் பஸ் வருவதற்கு முன்னால், மாதா படத்துக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொல்வாள். முழங்கால் வலி, மண்டியிட முடியாது.

அவள் புருஷன் திருச்செல்வம் இந்து. அவள் செல்வா என்றுதான் கூப்பிடுவாள். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். பெரிய திருநாளில் அவளோடு தேவாலயத்துக்கு வந்து கடைசி வரிசையில் நிற்பான், தைப்பூசத்துக்கு முருகன் கோயிலுக்குப் போவான், இரண்டு இடத்திலும் அதிகம் பேசமாட்டான். அவள் ஜெபம் சொல்லும்போது சத்தமில்லாமல் கோப்பி கலக்கிவைத்துவிட்டு பஸ் எடுக்கப் போவான்.

திங்கட்கிழமை சாயங்காலம், ஐந்தாம் நாள், தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் லாரி ஓடுகிற சத்தம்.

"வணக்கங்க. எம் பேரு ஐயாசாமி. பெக்கோக்ல இருக்கேன், தோட்டத்துல லோரி ஓட்டறேன். நீங்க கேட்ட மருந்து எங்க வூட்ல ரெண்டு பெட்டி இருக்கு. பிரிக்காதது. எங்க பிள்ளைக்கு வாங்கினது. பிள்ள பிப்ரவரியில தவறிருச்சு. மருந்து இருக்கு. ஆனா எஞ்சம்சாரத்துக்கிட்ட நீங்கதாங்க வந்து கேக்கணும். என்னால கேக்க முடியாது."

சூசன் அதை இரண்டு தடவை கேட்டாள். செல்வாவிடம் கொடுத்தாள். அவனும் கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"புதன்கிழமை எனக்கு லீவு. போலாம்" என்றான்.

"எப்படி செல்வா கேக்கறது? செத்துப்போன பிள்ளையோட மருந்த?"

"தெரியல. போய்ப் பாப்போம்."

*

புதன் காலை எட்டு மணிக்குக் காரை எடுத்தார்கள். யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு இரண்டு பக்கமும் செம்பனை எண்ணெய்த் தோட்டம்தான். வெட்டிய குலைகளைச் சாலையோரம் குவித்திருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள்ளேயே புழுக்கம். சூசன் வழியில் வாங்கிய ஆரஞ்சுப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். துக்க வீட்டுக்குப் பழம் கொண்டுபோவதா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெக்கோக் ஒரே கடைத்தெரு உள்ள ஊர். ரயில் பாதைக்கு அந்தப்பக்கம், பழைய கடைக்குப் பின்னால் இருந்தது ஐயாசாமி வீடு. அவர் வாசலில் நின்றார். கட்டையான மனிதர், கழுத்தில் துண்டு. கும்பிட்டார். உள்ளே கையைக் காட்டிவிட்டு, செல்வாவைக் கூட்டிக்கொண்டு லாரி நிறுத்தியிருந்த மரத்தடிக்குப் போய்விட்டார்.

ஐயாசாமியின் மனைவி கஸ்தூரி சமையற்கட்டுத் தரையில் செய்தித்தாளை விரித்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் கட்டி ரயில் நிலைய வேலைக்காரர்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் விற்கிறவள். மறுநாள் மிளகாய்ச் சம்பாலுக்கான நெத்திலி ஒரு முறம் நிறைய இருந்தது.

"அவரு சொல்லித்தான வந்தீங்க?" என்று தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஆமாம்மா."

"தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. ஒக்காருங்க. சாப்புட்டுட்டுப் போங்க." இன்னும் நாலைந்து நெத்திலியின் தலையைக் கிள்ளினாள். "அந்த மாத்திர குடுக்கறதுக்கு இல்லக்கா."

சூசன் ஆரஞ்சுப் பையை மேசை மேல் வைத்தாள். வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவந்த பேச்சு ஒன்று இருந்தது. அதில் ஒரு சொல்கூட வாய்க்கு வரவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு கை நெத்திலியை அள்ளித் தன் பக்கம் போட்டுக்கொண்டாள். தலையைக் கிள்ளி, வயிற்றைக் கீறி, கறுப்புக் குடலை எடுத்து, சதையை ஒரு பக்கம் போட்டாள். கஸ்தூரி அவள் கையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அங்கிருந்து முன்னறையின் சாமி மேடை தெரிந்தது. மாரியம்மன் படம், முருகன் படம். விளக்கு காய்ந்து கிடந்தது. படங்களுக்கு முன்னால் வெள்ளையும் நீலமுமாக இரண்டு பெட்டிகள், ஒன்றன் மேல் ஒன்று.

"பாத்துட்டீங்க" என்றாள் கஸ்தூரி.

"ம்."

"நேந்து வெச்சதுன்னு நெனச்சிக்காதீங்க. கோவத்துல வெச்சேன். ஜோகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப்போய்க் காட்டிட்டு, மருந்து வாங்கிட்டு வந்தோம். மறுநாளே நெஞ்சுல சளி. மூணாம் நாளு போயிட்டா. வலிப்புல போகலக்கா. அத அடக்கறதுக்கு அஞ்சு வருசம் பாடுபட்டோம், சளியில போயிட்டா. காரியம் முடிஞ்சி வந்து பாத்தா மேசையில இந்த ரெண்டு பெட்டி. இந்தா, எம்பிள்ளைக்கு ஒதவல, நீயே வெச்சிக்கன்னு தூக்கி அங்க வெச்சேன். அன்னையிலேருந்து வெளக்குப் போடல. ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்துடலாம்னு அவரு ரெண்டு தடவ சொன்னாரு. இப்ப அத நான் எடுத்தா, கோவத்த விட்ட மாதிரி ஆயிரும்."

இவ்வளவு பெரிய கோபத்தைச் சூசன் எந்த ஜெபப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் புரிந்தது. ஐந்தாம் நாள் நவநாளில் அவளுக்கும் அதில் ஒரு துளி வந்து போயிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வானம் இருட்டி, தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. கஸ்தூரியின் இரண்டு கையிலும் மீன் செதிள். "துணி" என்றாள். சூசன் எழுந்து பின்பக்கம் ஓடினாள். கொடியில் இருந்ததையெல்லாம் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினாள். ஐயாசாமியின் வேலைச் சட்டை, கைலி, துண்டு. அதற்குக் கீழே ஒரு மஞ்சள் கவுன், ஐந்து வயதுப் பிள்ளையின் அளவு. அதற்கும் கீழே இன்னொன்று.

சூசன் மற்றத் துணியை மடித்தது போலவே அவற்றையும் மடித்தாள். கையை இரண்டு பக்கமும் உள்ளே வைத்து, நடுவில் மடக்கி, மேலே ஒருமுறை தடவிவிட்டு அடுக்கினாள். எதுவும் கேட்கவில்லை.

"பொட்டிக்குள்ளயே கெடந்தா பூஞ்ச புடிச்சிருது" என்றாள் கஸ்தூரி. "மாசம் ஒருக்கா அலசிப் போடறேன்."

"பேரு என்னாம்மா?"

"லோஷினி."

மழை பலமாகப் பிடித்தது. பேசினால் கேட்காத அளவு சத்தம். இரண்டு பேரும் மிச்சமிருந்த நெத்திலியை ஆய்ந்து முடித்தார்கள். கஸ்தூரி தாளைச் சுருட்டிப் போட்டுவிட்டு, எலுமிச்சைத் தோலில் கையைத் தேய்த்துக் கழுவினாள். சூசனுக்கும் ஒரு பாதி தோல் கொடுத்தாள். கழுவிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்:

"ஒங்க தங்கச்சி பையனுக்கு எப்படி வரும்? ஒடம்பு வெட்டிவெட்டி இழுக்குமா, இல்ல தலையத் தொங்கப் போட்டுக் கையை விரிப்பானா?"

"தலையத் தொங்கப் போடுவான். தூங்கி எழும்பறப்பதான் வருமாம். இருவது, முப்பது தடவ தொடந்தாப்ல."

"இவளுக்கும் அப்படித்தான். எழும்பறப்ப." கஸ்தூரி குழாயை மூடினாள். "கண்ணு பாக்க வெச்சாங்களா? இந்த மருந்து கண்ண பாதிக்கும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும். அங்க பாப்பாங்களா?"

"கேக்கறேன்."

"கேளுங்க. மாத்திரைய முழுங்குவானா?"

"நுணுக்கித் தேன்ல குடுக்கறாளாம். பாதிய துப்பிடறானாம்."

"தேன் வேணாம், ஒட்டிக்கும். வெறுந்தண்ணி, ரெண்டு ஸ்பூன். மாத்திரையப் போட்டுட்டு அப்படியே விட்டா அதுவா கரையும். கன்னத்து ஓரமா ஊத்தணும், நாக்கு மேல ஊத்தினா துப்பிருவான்."

சொல்லிக்கொண்டே முன்னறைக்குப் போனாள். சாமி மேடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கும்பிடவில்லை. இரண்டு பெட்டியையும் எடுத்து, படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்து, கொண்டுவந்து சூசனின் ஈரக் கையில் வைத்தாள்.

"தேதி அடுத்த வருசம் மார்ச்சு வரைக்கும் இருக்கு. பாத்துட்டேன்."

"கஸ்தூரி..."

"கோவம் அப்படியேதாங்க்கா இருக்கு. மாத்திரைய மட்டும் எடுத்துக்குங்க."

பிறகு சோறு போட்டாள். நெத்திலிச் சம்பால், கீரைக் குழம்பு. ஐயாசாமியும் செல்வாவும் மழை விட்டு உள்ளே வந்தபோது மேடையைப் பார்த்த ஐயாசாமி, தட்டை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

*

திரும்பும் வழியில் சூசன் பெட்டியைப் படம் எடுத்து ஐலீனுக்கு அனுப்பினாள். யோங் பெங் வருவதற்குள் பதில் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டார், அதே மருந்து, அதே அளவு, கொடுக்கலாம்.

சூசன் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். மேலே ஆஸ்பத்திரி ஒட்டிய தாளில் லோஷினி த/பெ ஐயாசாமி என்று ஆங்கில எழுத்தில் இருந்தது.

"செல்வா, நான் ஏழு நாளா மாதாகிட்ட இதத்தான கேட்டேன். இப்படியா குடுப்பாங்க? அந்தப் பிள்ளைகிட்டேருந்து எடுத்து இந்தப் பிள்ளைக்கா?"

முன்னால் போன செம்பனை லாரியை முந்திய பிறகுதான் அவன் சொன்னான்.

"அப்படிக் கணக்குப் போடாத. அந்தப் பிள்ளைய எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாது. மருந்தக் குடுத்தது அந்தம்மா. நான் பாத்தது அவ்வளவுதான்."

"அப்ப எஞ்ஜெபம்?"

"நீ ஜெபம் பண்ணலன்னா நாலு நாளு எல்லாக் குழுவுலயும் போட்டுக்கிட்டே இருந்திருப்பியா? முழங்கால் வலியோட தரையில ஒக்காந்து மீன் ஆய்ஞ்சிருப்பியா? எனக்குத் தெரிஞ்சி நீ ஒக்காரவே மாட்ட."

சூசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

மருந்து கொண்டுபோவதற்கு ஆளைச் செல்வா ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தான். அவன் பஸ்ஸில் வருகிற நிஹால் என்ற சிங்களப் பையன் வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் ஊருக்குப் போகிறான். இருவருக்கும் பொதுவான மொழி மலாய்தான். வியாழன் மாலை ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது சூசன் இரண்டு பெட்டியையும் டாக்டர் கடிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். அவன் பைகளில் ஊரார் கேட்ட பால் மாவும் காய்ச்சல் மாத்திரையும் திணித்துக் கிடந்தன.

"இது பயணப் பெட்டியில வராது, கக். என் கையில வரும்" என்று மலாயில் சொல்லி, முதுகுப் பையில் கடவுச்சீட்டு இருந்த அறைக்குள் வைத்தான்.

வெள்ளிக்கிழமை நவநாளின் கடைசி நாள். சூசன் காலையில் உட்கார்ந்து ஜெபத்தை முடித்தாள். முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வழக்கமான வேண்டுதலோடு அன்று அவள் ஒரு பெயரைச் சேர்த்திருந்தாள். அந்தப் பெயருக்காக என்ன கேட்பது என்று தெரியாமல் வெறுமனே பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் பஸ் ஹாரன் அடித்தது.

அன்று மாலை கிளமென்ட் விமான நிலையத்துக்குச் சைக்கிளில் போனான். மோட்டார் சைக்கிளில் இரண்டு வாரமாகப் பெட்ரோல் இல்லை. நிஹால் வெளியே வர நேரமாகிவிட்டது. மருந்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பெட்ரோலுக்கு நின்ற வண்டி வரிசைக்குப் பக்கத்திலேயே மிதித்து வீடு வந்து சேர்ந்தான். வீட்டில் மீதியிருந்தது அன்று இரவுக்கான ஒரு மாத்திரை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஐலீன் வீடியோவில் வந்தாள். அங்கே ஏழு மணி. ஜேடன் அவள் மடியில் தூக்கக் கலக்கத்தோடு இருந்தான்.

"அக்கா, அந்தக் குடுத்த அக்காவ லைன்ல போடேன். நான் அவங்ககிட்ட நன்றி சொல்லணும். எப்படிக் கரைக்கறதுன்னும் அவங்க வாயாலயே கேட்டுக்கறேன்."

மருந்து யாருடையது என்று ஐலீனுக்குச் சூசன் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. பெக்கோக்கில் ஒரு அம்மா கொடுத்தார்கள், அவர்கள் பிள்ளைக்கு வாங்கியது என்றுதான் சொல்லியிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் என்ன காரணம் சொல்வது? கஸ்தூரியை அழைப்பில் சேர்த்தாள்.

கஸ்தூரி சமையற்கட்டில் இருந்தாள். நாசி லெமாக் விற்று முடித்து அண்டா கழுவுகிற நேரம். போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு, திரையில் இருந்த பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"முடி நெறைய இருக்கு பையனுக்கு" என்றாள். "சரி, தண்ணி ஊத்தினியா? மாத்திரையப் போடு. கலக்காத. விடு. அதுவா கரையும்."

மூன்று பேரும் மாத்திரை கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப மடியில சாச்சிக்க. தல ஒசரமா இருக்கட்டும். கன்னத்து ஓரமா. கொஞ்சம் கொஞ்சமா. ஆங். முழுங்கறான் பாரு."

ஜேடன் முகத்தைச் சுளித்தான். துப்பவில்லை. ஐலீன் வெறும் ஸ்பூனைத் தூக்கித் திரையில் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் நீர்.

"ரொம்ப நன்றி அக்கா. பெட்டியில பேரு பாத்தேன். லோஷினி. அவளுக்கு இப்ப எப்படி இருக்கு?"

சூசனின் கை தானாகப் போனை நோக்கிப் போனது. துண்டித்துவிடலாம். லைன் அறுந்துவிட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் கஸ்தூரி பேசிவிட்டாள்.

"அவளுக்கு இப்ப வலிப்பு வர்றதில்லம்மா."

"ஆண்டவருக்கு நன்றி" என்றாள் ஐலீன். "இந்த மருந்துலயே அடங்கிருச்சா அக்கா?"

"மருந்து நல்லா வேல செஞ்சிச்சி. கடைசி எட்டு மாசம் ஒண்ணுமே வரல. ஒங்க பையனுக்கும் வராது."

குரலில் ஒரு பிசிறும் இல்லை. அவள் பின்னால் அடுப்புத் திட்டில் கழுவிக் கவிழ்த்த அண்டாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சூசனின் முகம் மூலையில் சின்னதாகத் திரையில் தெரிந்தது. அது என்ன பாடு படுகிறது என்று கஸ்தூரி பார்த்திருக்க வேண்டும். சூசனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். வேண்டாம், சொல்லாதீர்கள் என்கிற அசைவு.

"அவளுக்காக நான் தெனமும் ஜெபம் பண்றேன் அக்கா" என்றாள் ஐலீன்.

கஸ்தூரி முந்தானையை எடுத்துக் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, மெதுவாக.

"பண்ணும்மா" என்றாள். "பேரச் சொல்லிப் பண்ணு." பிறகு திரைக்குக் கிட்டத்தில் குனிந்தாள். "பையனுக்கு வாயத் தொடச்சிவிடு. ஓரத்துல ஒட்டியிருக்கு பாரு. காஞ்சா கசக்கும்."